ஈரான் அணுத் திட்டம்: தடையா, குண்டா, ஒப்பந்தமா?

மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஈரானுக்குப் பங்கு இருக்கிறது என்று சொன்னால், அதன் புகைபோக்கிகளைத் தினமும் பார்க்கிற வடசென்னைக்காரர்களிலேயே பலர் நம்ப மாட்டார்கள். 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் அது உருவானபோது மத்திய அரசுக்கு 74 சதவீதம், அமெரிக்காவின் அமோக்கோ கம்பெனிக்கு 13 சதவீதம், ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13 சதவீதம். அமோக்கோ 1985-இல் விலகிக்கொண்டது. ஈரான் விலகவில்லை. நாஃப்டிரான் என்ற தன் துணை நிறுவனத்தின் பெயரில் 15.4 சதவீதப் பங்கு வைத்திருக்கிறது. ஆனால் அமெரிக்கத் தடைக்குப் பயந்து 2019 மே மாதத்தோடு இந்தியா ஈரானிடம் எண்ணெய் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. பங்காளியின் சரக்கையே வாங்க முடியாத நிலை. காரணம் ஈரானின் அணுத் திட்டத்துக்காக நடான்ஸ், ஃபோர்தோ என்ற இரண்டு ஊர்களில் சுழன்ற இயந்திரங்கள்.

திருவொற்றியூரில் எங்கள் வாசகர் வட்டத்தில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், "ஒரே அடியா அடிச்சு நொறுக்கிட்டா விஷயம் முடிஞ்சுது சார், எதுக்கு இருபது வருஷமா இழுக்கணும்?" என்பார். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், "நம்மகிட்ட குண்டு இருக்குல்ல அங்கிள், அவங்களுக்கு மட்டும் ஏன் கூடாது?" என்று கேட்பார். இரண்டுமே நேர்மையான கேள்விகள். ஐ.நா. சபையிலும் வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமையிலும் இந்தியாவுக்குக் குரல் இருக்கிறது. அந்தக் குரல் எந்த வழிக்கு ஆதரவாக இருக்க வேண்டும் என்று முடிவெடுப்பதானால், இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும். 2025 ஜூன் மாதம் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரானைத் தாக்கிய போர், அதையடுத்து அந்த ஆண்டில் நடந்தவை வரை கணக்கில் எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். அதற்கு யுரேனியக் கணக்கு கொஞ்சம் தெரிய வேண்டும்.

மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுவுக்கு ஏழு மட்டும்தான் பிளக்கத் தக்க 235 வகை. மீதி 993 கொஞ்சம் கனமான 238 வகை. இதை வாயுவாக மாற்றி அதிவேகமாகச் சுழலும் உருளைகளில் விட்டால், முறத்தில் புடைக்கும்போது பதர் ஒதுங்குவது மாதிரி கனமானது ஓரத்துக்குப் போகும். இப்படி 235-இன் பங்கைக் கூட்டுவதுதான் செறிவூட்டல். வழியில் நழுவும் 235 அணுக்களை விட்டுவிட்டு எளிமையாகக் கணக்குப் போடுவோம். அந்த ஏழு அணுக்களோடு மொத்தம் 190 மட்டும் எஞ்சும்படி செய்தால் அது 3.67 சதவீதம், மின் உலைக்கு ஆகிற சரக்கு. இதற்கு 810 அணுக்களை வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. 20 சதவீதம் வேண்டுமென்றால் மொத்தம் 35 எஞ்ச வேண்டும், இன்னும் 155-ஐத் தள்ளினால் போதும். 60 சதவீதத்துக்கு மொத்தம் 12, தள்ள வேண்டியது இன்னொரு 23. குண்டுக்கான 90 சதவீதத்துக்கு மொத்தம் 8. கடைசிப் படியில் தள்ள வேண்டியது நாலே நாலு அணு!

அதனால்தான் 60 சதவீதம் என்ற எண் உலகத்தையே பதற வைக்கிறது. வேலையில் பெரும்பகுதி முடிந்துவிட்ட இடம் அது. 2025 ஜூன் 13 நிலவரப்படி ஈரானிடம் 60 சதவீதச் செறிவுள்ள யுரேனியம் 440.9 கிலோ இருந்ததாக முகமை கணக்குச் சொன்னது. அதன் அளவுகோலின்படி அப்படிப்பட்ட சரக்கு 42 கிலோ இருந்தால், மேலும் செறிவூட்டி ஒரு குண்டு செய்யப் போதும். அப்படியானால் பத்துக் குண்டுகளுக்கான மூலப்பொருள். மொத்தமும் சிறிய உருளைகளில் அடங்கிவிடும், சாதாரண வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம்.

என் அளவுகோல் இதிலிருந்துதான் வருகிறது. எந்த வழியை எடுத்தாலும், அதன் முடிவில் அந்தச் சரக்கு எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று வெளியாள் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அந்த வழியால் பயன் உண்டு. முடியாவிட்டால் எத்தனை கட்டடம் இடிந்தாலும், எத்தனை வங்கிக் கணக்கு முடங்கினாலும் நாம் நிம்மதியாகத் தூங்க முடியாது.

முதலில் பொருளாதாரத் தடை. மேலோட்டமாகப் பார்த்தால் இதுதான் நாகரிகமான வழி. 2006 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை முதல் தடையைப் போட்டது. 2010 வரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஈரான் எண்ணெய்க்குக் கதவைச் சாத்தியது, எண்ணெய்க் கப்பல்களுக்கான காப்பீடும் அதோடு நின்றது. நம் ஆலைகள் அப்போது பட்ட பாடு கொஞ்சமில்லை. டாலரில் பணம் அனுப்ப வழியில்லாமல், கொல்கத்தாவின் யூகோ வங்கியில் கணக்குத் திறந்து, எண்ணெய் விலையில் 45 சதவீதத்தை ரூபாயாகக் கட்டினோம். அந்த ரூபாயில் ஈரான் நம்மிடம் அரிசியும் மருந்தும் வாங்கிக்கொண்டது.

இவ்வளவு நெருக்கியும் இயந்திரங்கள் குறைந்தனவா? 2003-இல் 164 சுழல் இயந்திரங்கள் வைத்திருந்த நாடு, தடைகள் உச்சத்தில் இருந்த 2013-இல் சுமார் 19,000 வைத்திருந்தது. தடையின் வலி இயந்திரக் கூடத்துக்குப் போகவில்லை, வீடுகளுக்குத்தான் போனது. 2015-இல் ஒரு டாலருக்கு முப்பத்தி இரண்டாயிரம் ரியால் அளவில் இருந்த சந்தை விலை, 2025-இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. மருந்துக்குத் தடை கிடையாது என்று காகிதத்தில் இருக்கும். ஆனால் அமெரிக்க அபராதத்துக்குப் பயந்து எந்த வங்கியும் பணத்தைக் கைமாற்றாது, அதனால் மருந்து வராது. புற்றுநோய்க்கு மருந்து தேடி அலைந்த ஈரானியக் குடும்பங்கள் எந்த யுரேனியத்தையும் செறிவூட்டவில்லை. எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு.

ஆனாலும் தடைக்கு ஒரு பயன் இருந்தது என்பதை மறுக்க முடியாது. 2013-இல் ஈரான் பேச்சுக்கு வந்ததில் அந்த நெருக்கடிக்குப் பெரிய பங்கு உண்டு. பேரத்தில் விட்டுக்கொடுக்க ஒன்று வேண்டும், தடை அப்படிப்பட்ட பொருள். "நீ இதைச் செய்தால் நான் இதை எடுத்துவிடுவேன்" என்று சொல்லி, சொன்னபடி எடுக்கிறவரை அதற்கு மதிப்பு. எடுத்துவிட்டுத் திரும்பவும் போட்டால் அடுத்த முறை எவரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது வழி, எங்கள் வட்டத்து நண்பர் சொல்வது. அடித்து நொறுக்குவது. இதற்கு இரண்டு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

1981 ஜூன் 7 அன்று இஸ்ரேலின் எட்டு எஃப்-16 விமானங்கள் பாக்தாத் அருகே ஒசிராக் அணு உலையைத் தரைமட்டமாக்கின. விமானிகள் பத்திரமாகத் திரும்பினார்கள். வெற்றி என்றே பலரும் எழுதினார்கள். அப்புறம் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. சதாம் உசேன் திட்டத்தைக் கைவிடவில்லை. இன்னும் அதிகப் பணம், இன்னும் அதிக ஆட்களோடு ரகசியமாகத் தொடர்ந்தார். அது எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு ஆய்வாளர்கள் உள்ளே போனபோதுதான் வெளியே தெரிந்தது. அந்தத் திட்டத்தைக் கடைசியில் பிரித்துப் போட்டதும் அந்த ஆய்வாளர்கள்தான்.

இன்னொன்று 2025. ஜூன் 13-இல் இஸ்ரேல் தொடங்கியது. 22-ஆம் தேதி அமெரிக்காவின் பி-2 விமானங்கள் நிலத்தைத் துளைத்துச் செல்லும் ராட்சதக் குண்டுகளைப் போட்டன. ஃபோர்தோ, நடான்ஸ், இஸ்பஹான் மூன்றும் பலத்த சேதம் அடைந்தன. 24-ஆம் தேதி சண்டை நின்றது. ஈரான் அரசின் கணக்குப்படியே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஜூலை தொடக்கத்தில் முகமையுடன் ஒத்துழைப்பை நிறுத்தும் சட்டம் ஈரானில் அமலுக்கு வந்தது, ஆய்வாளர்கள் நாட்டை விட்டு வெளியேறினார்கள். அந்த 440 கிலோ என்ன ஆனது? அடிப்பதற்கு முந்தைய நாள் வரை தசமப் புள்ளியோடு எடை சொல்ல முடிந்த சரக்கைப் பற்றி, அந்த நவம்பரில் முகமையால் எதையும் சரிபார்த்துச் சொல்ல முடியவில்லை. என் அளவுகோலில் இது மிக மோசமான முடிவு.

இயந்திரங்கள் உடைந்தன, காலம் கிடைத்தது, சரி. அதை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் இயந்திரம் செய்யத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். 2010 முதல் விஞ்ஞானிகளைத் தேடித் தேடிக் கொன்றும், ஸ்டக்ஸ்நெட் என்ற கணினி வைரஸை நடான்ஸுக்குள் விட்டும் திட்டம் நிற்கவில்லை. 2021 ஏப்ரலில் நடான்ஸில் ஒரு நாசவேலை நடந்தது. ஈரான் முதல்முறையாக 60 சதவீதத்துக்குச் செறிவூட்டத் தொடங்கியது அந்த வாரத்தில்தான்.

இதில் நமக்கு நேரடியாகப் படும் ஆபத்தும் இருக்கிறது. வளைகுடாக் கரையில் உள்ள புஷேர் அணுமின் நிலையம் ஓடிக்கொண்டிருக்கும் உலை. அது தாக்கப்பட்டால் கதிர்வீச்சு அந்தச் சிறிய கடலில் கலக்கும். குவைத், கத்தார், துபாய் எல்லாம் குடிப்பது அந்தக் கடலைச் சுத்திகரித்த தண்ணீரைத்தான். மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளின் தண்ணீர் வீட்டுக்கு வரும் சென்னைக்காரர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள்! ஈரான் கடலிலேயே தமிழ் மீனவர்கள் ஒப்பந்தக் கூலிக்குப் படகு ஓட்டுகிறார்கள். 2020 கொரோனா முடக்கத்தில் அவர்கள் சிக்கிக்கொண்டபோது கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸ் போய் தூத்துக்குடிக்கு அழைத்து வர வேண்டியிருந்தது. குண்டு விழும்போது இவர்களின் கணக்கையும் யாராவது எழுத வேண்டும்.

மூன்றாவது, ஒப்பந்தம். 2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் ஈரானும் ஆறு வல்லரசுகளும் ஒத்துக்கொண்டது. நான் அதிக நேரம் செலவழித்துப் படித்தது இதைத்தான், ஏனென்றால் அதன் எண்களில் ஒரு கறார் தெரிகிறது. செறிவு 3.67 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 15 ஆண்டுகளுக்கு. கையிருப்பு 300 கிலோவுக்கு மேல் கூடாது. பத்தாயிரம் கிலோவுக்கு மேல் இருந்தது அப்படிக் குறைந்தது, மிச்சத்தைக் கப்பலில் ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். செறிவூட்டும் இயந்திரங்கள் 5,060 மட்டும். ஃபோர்தோவில் செறிவூட்டலே கிடையாது. குண்டுக்கான இன்னொரு மூலப்பொருளான புளூட்டோனியத்தைத் தரக்கூடிய அராக் உலையின் மையப் பகுதியை வெளியே எடுத்து, ஓட்டைகளில் கான்கிரீட் ஊற்றி அடைத்தார்கள். ஒரு குண்டுக்கான யுரேனியம் சேர்க்கத் தேவைப்படும் காலம் இரண்டு மூன்று மாதத்திலிருந்து ஓர் ஆண்டாக நீண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆய்வாளர்கள் தினமும் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது, கேமராக்கள் ஓடின, முத்திரைகள் சரிபார்க்கப்பட்டன.

குறைகள் இருந்தன. காலக்கெடு வைத்த ஒப்பந்தம், 2030 வாக்கில் முக்கியக் கட்டுப்பாடுகள் கழன்றுவிடும். ஏவுகணைகளைப் பற்றிப் பேசவில்லை. ஈரான் ஆதரிக்கும் ஆயுதக் குழுக்களைத் தொடவில்லை. அமெரிக்க செனட் ஒப்புதல் பெறாததால், அடுத்து வரும் அதிபர் ஒரு கையெழுத்தில் விலகலாம். 2018 மே 8 அன்று டிரம்ப் அப்படித்தான் விலகினார். அதுவரை ஈரான் நிபந்தனைகளைக் கடைப்பிடித்து வந்ததாக முகமை அறிக்கைமேல் அறிக்கையாகச் சொல்லியிருந்தது. விலகி ஓராண்டு கழித்துத்தான், 2019 ஜூலையில், ஈரான் 300 கிலோ வரம்பைத் தாண்டியது. 2021 ஜனவரியில் 20 சதவீதம், ஏப்ரலில் 60. 2022 ஜூனில் 27 கேமராக்களைக் கழற்றியது. ஒப்பந்தம் இருந்தவரை அடங்கியிருந்தது, முறிந்த பிறகு படிப்படியாக ஏறியது. தேதிகளை வரிசையாக வைத்தால் இதில் வாதத்துக்கு அதிகம் இடமில்லை.

"வட கொரியா ஏமாற்றவில்லையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1994 அக்டோபரில் அமெரிக்காவோடு செய்த ஒப்பந்தத்தால் அதன் யோங்பியோன் அணு மையத்தின் புளூட்டோனிய வேலை எட்டு ஆண்டுகள் உறைந்து நின்றது. அந்த நாடு மறைவில் யுரேனிய வழியைத் தேடியதும் உண்மை. ஆனால் அந்தத் தவறுக்குப் பதிலாக 2002-இல் முழு ஒப்பந்தமும் கைவிடப்பட்டது. டிசம்பரில் ஆய்வாளர்களை வெளியேற்றினார்கள். 2006 அக்டோபர் 9-இல் முதல் சோதனை வெடித்தது. ஓட்டை விழுந்த ஒப்பந்தத்தைத் தைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கிழித்துப் போட்டதால் என்ன ஆனது என்பது கண் முன்னால் இருக்கிறது. லிபியா கதையையும் தெஹ்ரானில் எல்லோரும் அறிவார்கள். 2003 டிசம்பரில் கடாஃபி தன் திட்டத்தை முழுசாக ஒப்படைத்தார், 2011-இல் நேட்டோ குண்டுகளுக்கு நடுவே ஆட்சியையும் உயிரையும் இழந்தார். இதைப் பார்த்த எந்த அரசும் வெறும் வாக்குறுதியை நம்பிக் கையிலிருப்பதைக் கொடுக்காது.

நான்காவது வழியைப் பற்றி நம் பத்திரிகைகளில் அதிகம் பேச்சு இல்லை. உள்நாட்டில் செறிவூட்டலே வேண்டாம், எரிபொருளை வெளியிலிருந்து வாங்கிக்கொள் என்பது. புஷேர் ஏற்கெனவே அப்படித்தான் ஓடுகிறது. அது கூடங்குளம் உலைகளின் அதே ரஷ்யக் குடும்பத்தைச் சேர்ந்தது, எரிபொருளும் ரஷ்யாவிலிருந்துதான் வருகிறது, எரிந்து தீர்ந்ததும் திரும்ப அங்கேயே போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஐக்கிய அரபு அமீரகம் செறிவூட்டலே செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் பரக்கா நிலையத்தைக் கட்டியது. கஜகஸ்தானில் முகமையே ஒரு எரிபொருள் வங்கி வைத்திருக்கிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஈரான் ஏன் ஒத்துக்கொள்வதில்லை? 1970-களில் ஷா ஆட்சி பிரான்ஸின் யூரோடிஃப் செறிவூட்டல் ஆலையில் பங்கு வாங்கி, நூறு கோடி டாலர் கடனும் கொடுத்தது. புரட்சிக்குப் பிறகு அங்கிருந்து ஒரு கிலோ எரிபொருள்கூட வரவில்லை. இந்த வருத்தம் நமக்குப் புரியாததா? தாராப்பூர் உலைகளுக்கு எரிபொருள் தருவதாக 1963-இல் ஒப்பந்தம் போட்ட அமெரிக்கா, பொக்ரான் சோதனைக்கும் 1978-இல் கொண்டுவந்த தன் சட்டத்துக்கும் பிறகு கையை விரித்தது. பிரான்ஸைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. வெளியாளை நம்பி உலை கட்டினால் என்ன ஆகும் என்ற பாடத்தை இந்தியாவும் ஈரானும் ஒரே காலத்தில்தான் படித்தன. அதனால் இந்த வழி தனியாக நிற்காது. ஆனால் வளைகுடா நாடுகளும் ஈரானும் சேர்ந்து பங்குதாரர்களாக நடத்தும் ஒரே ஆலை என்ற வடிவில், மூன்றாவது வழியோடு இணைந்தால் நிற்கக்கூடும். பக்கத்து நாட்டுப் பொறியாளர் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் ஆலையில் ரகசியம் செய்வது கஷ்டம். 2025 பேச்சுவார்த்தைகளில் இந்த யோசனை பேசப்பட்டது, குண்டு விழுந்ததும் பேச்சு நின்றது.

"விட்டுத்தள்ளுங்கள், அவர்களும் வைத்துக்கொள்ளட்டும்" என்பது ஐந்தாவது. இதை நான் நீண்ட நேரம் எடைபோடவில்லை. ஈரான் குண்டு செய்தால் நாங்களும் செய்வோம் என்று சவுதி இளவரசர் 2018-லேயே சொல்லிவிட்டார். வளைகுடாவின் இரு கரையிலும் குண்டு இருந்தால் அது நம்மையும் விடாது, நம் வீட்டு கேஸில் பெரும்பகுதி அந்தக் கடலின் வாயிலான ஹோர்முஸ் நீரிணை வழியாகத்தான் வர வேண்டும்.

ஆனால் அந்தக் கல்லூரிப் பெண்ணின் கேள்விக்கு இது பதில் ஆகாது. "கேள்வி சரிதாம்மா" என்றுதான் நானும் சொன்னேன். ஈரான் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை 1970-இல் ஏற்ற நாடு, முகமையின் ஆய்வுக்கு உட்படுவதாக வாக்குக் கொடுத்த நாடு. அப்படியிருந்தும் நடான்ஸ் 2002-இலும் ஃபோர்தோ 2009-இலும் வெளியார் சொல்லித்தான் உலகத்துக்குத் தெரிந்தன. அதில் ஈரான் மீது தவறு இருக்கிறது. இந்தியா அந்த ஒப்பந்தத்தில் சேரவேயில்லை, இஸ்ரேலும் சேரவில்லை. சட்டப்படி வித்தியாசம் உண்டு. நியாயப்படி அந்த வித்தியாசம் ரொம்ப மெலிசு. இங்கிருந்து தெற்கே எழுபது கிலோமீட்டர் போனால் கல்பாக்கம், அங்குள்ள வேக ஈனுலை முகமையின் கண்காணிப்பில் இல்லை. 2005 செப்டம்பர் 24 அன்று வியன்னாவில் இந்தியா ஈரானுக்கு எதிராக வாக்களித்தது, மூன்று ஆண்டு கழித்து அணு வணிகத்துக்கு நமக்கு விலக்குக் கிடைத்தது. இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு நாம் ஈரானுக்கு ஒழுக்கம் போதிக்க முடியாது. பழைய கூட்டாளியாக, தாராப்பூரில் அடிபட்டவனாக, உட்கார்ந்து பேச முடியும்.

என் முடிவு இதுதான். முதல் இடம் கண்காணிப்போடு கூடிய ஒப்பந்தத்துக்கு, அதோடு வளைகுடா நாடுகளின் கூட்டு ஆலை. தடை இரண்டாம் இடத்தில், அதுவும் படிப்படியாக எடுக்கும் தேதிகள் முன்கூட்டியே எழுதப்பட்டு, மருந்துக்கும் உணவுக்கும் தனி வங்கி வழி திறந்திருந்தால் மட்டும். குண்டு போடும் வழியை இந்தியா வெளிப்படையாக எதிர்க்க வேண்டும், "இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும்" என்ற வழக்கமான அறிக்கை போதாது. அடுத்து எந்த ஒப்பந்தம் வந்தாலும் அதில் நான் முதலில் தேடப்போவது சதவீதத்தையோ ஆண்டுக் கணக்கையோ இல்லை. ஆய்வாளர்கள் எந்தத் தேதியில் இஸ்பஹானுக்குள் நுழைகிறார்கள், அந்த உருளைகளை யார் எடைபோட்டு முத்திரை வைக்கிறார்கள், ஒரு தரப்பு விலகினாலும் அவர்கள் அங்கேயே இருக்க வழி எழுதியிருக்கிறதா என்பதைத்தான்.